மைக்கை அடைத்த விரல்

பெலிகந்தைத் தோட்டத்து வாசிகசாலைக்குக் கணினி வந்த நாளில் அதற்குச் சந்தனம் பூசினார்கள், குங்குமம் வைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். பரம்பரை பரம்பரையாக ரப்பர் மரத்தில் பால் வெட்டியும், படுத்துறங்கும் தரைக்கு ஒரு பட்டா காணாத மக்கள் அவர்கள். கொழும்புக்கும் தங்களுக்கும் நடுவே ஒரு கதவு திறந்துவிட்டதாக அன்று நம்பினார்கள். அந்தக் கதவுக்குக் காவலாக அவர்கள் நிறுத்திய பெண்தான் ஷாமிளா.

ஷாமிளா ஒரு பால்வெட்டுக்காரியின் மகள். உயர்தரப் பரீட்சை தேறி, இரத்தினபுரியில் தங்கிக் கணினி டிப்ளோமா முடித்துத் திரும்பியவள். சிங்களத்தைச் சிங்களவரைப் போலவே பேசுவாள். பக்கத்து ஊரான கரவனெல்லைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி அமர்ந்தால் அவள் தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்த லயத்துப் பிள்ளை என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாது. அதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமை எந்த வேரிலிருந்து முளைத்தது என்பதை அவள் அதுவரை தோண்டிப் பார்த்ததில்லை.

கணினியில் முதல் கூட்டம் நடத்திப் பார்த்தபோதே தொல்லை தொடங்கியது. கொழும்பிலிருந்து ஒருவர் பேசினால் அந்தக் குரல் மண்டபத்து ஒலிபெருக்கியில் வரும். வந்த குரலை மைக் விழுங்கி மறுபடியும் அனுப்பும். இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு காது கிழிய ஊளையிடும். மைக்கை அடைக்கலாம் என்று திரையில் மவுஸ் அம்பைத் தேடுவதற்குள் குழந்தைகள் அலறிவிடும், கிழவர்கள் எழுந்து வெளியேறிவிடுவார்கள். அவள் கரவனெல்லைக்குப் போய், ஒலிபெருக்கி வாடகைக்கு விடும், அண்ணன் முறையில் அவள் நானா என்றழைக்கும் ஷிஹாபிடம் முறையிட்டாள்.

"மவுச வுடுங்க, தங்கச்சி," என்றார் ஷிஹாப், தேநீரை ஆற்றிக்கொண்டே. "அம்பத் தேடிப் போறதுக்குள்ள ஊரே செவிடாப் பேய்ரும். எல்லாத்தயும் கீபோர்டுல வெச்சிக்கோங்க. ஒரு தட்டு. பாக்கவும் தேவல்ல."

இருவரும் கடைக்குள் உட்கார்ந்து அதைச் செய்து முடித்தார்கள். ஒரு சிறிய செயலியை ஏற்றி, கீபோர்டின் மேல் வரிசைப் பட்டன்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தார்கள். எஃப் எட்டை ஒருமுறை தட்டினால் மைக் அடைபடும், மறுமுறை தட்டினால் திறக்கும். அடுத்த பட்டன் ஒலிபெருக்கியை ஊமையாக்கும். அதற்கடுத்த இரண்டும் சத்தத்தைத் தாழ்த்தும், உயர்த்தும். திரையில் எது திறந்து கிடந்தாலும் அந்தப் பட்டன்களின் ஆணை செல்லும். ஷாமிளா தன் கைப்பையிலிருந்த சிவப்பு நகப்பூச்சை எடுத்து எஃப் எட்டின் மேல் ஒரு பொட்டு வைத்தாள்.

"நல்லம். கல்யாணம் முடிச்சி வெச்ச மாதிரி ஈக்கிது," என்று சிரித்த ஷிஹாப், பிறகு விரலை உயர்த்திச் சொன்னார்: "ஆனா ஒண்டு. இது கம்ப்யூட்டருக்குப் போற மைக்கத்தான் அடைக்கிது. மீட்டிங் படத்துல மைக் தொறந்து ஈக்கிற மாதிரித்தான் காட்டும். ஒங்கட ஹோலுக்குச் சத்தம் மைக்ல இருந்து நேரா ஸ்பீக்கர் பெட்டிக்குப் போறதால, உள்ளுக்கு ஈக்கிறவங்களுக்கு எல்லாம் கேக்கும். கொழும்புக்கு மட்டும் கேக்காது. அடச்சிப்போட்டு மறந்தா, அது ஒரு மனுசருக்கும் வெளங்காது."

"நான் மறக்க மாட்டேன், நானா," என்றாள் அவள். அவள் சொன்னது பொய்யில்லை. அவள் மறக்கவே இல்லை. நடந்தது மறதியாக இருந்திருந்தால் இந்தக் கதைக்கே இடமிருந்திராது.

மலை சரிந்து மண் இறங்கும் மாவட்டம் அது. முந்தைய ஆண்டு மழையில் அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் மண் விழுந்ததைத் தொடர்ந்து, ஆபத்தான லயங்களிலிருந்து மக்களை அகற்றிப் புது வீடு கட்டிக் கொடுக்கும் திட்டம் ஒன்று வந்தது. எந்த லயத்துக்கு முதலில் வீடு என்பதைத் தீர்மானிக்க அதிகாரிகள் மக்களின் வாய்மொழியைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு மலையாக ஏறி இறங்க அவர்களுக்கு நேரமில்லை. ஆகவே கணினி வழியே கேட்டார்கள். பெலிகந்தையில் இரண்டு லயங்கள். ஓடையோரம் கீழ் லயம். பாறையடியில் மேல் லயம்.

கூட்ட நாளில் வாசிகசாலை நிரம்பியது. முதலில் தலைவர் பேசினார். அதுதான் தோட்டத்து முறை. தொழிற்சங்கத்துத் தலைவர் மூக்கையா வெள்ளைச் சட்டை போட்டு, கொழும்பிலிருந்து திரையில் தெரிந்த அதிகாரி அம்மாவான நோனாவுக்கும் ஐயாமாருக்கும் நன்றி சொல்லி, மறுபடியும் நன்றி சொல்லி, கீழ் லயத்துக்குள் ஓடைத் தண்ணீர் புகுந்ததை விவரித்து, மூன்றாம் தடவையாக நன்றி சொல்லி அமர்ந்தார். தலைவருக்குப் பிறகுதான் மற்றவர்கள். வெளியாட்களின் முன்னால் தலைவர் சொன்னதை எவரும் மறுத்துப் பேசுவதில்லை. அதுவும் தோட்டத்து முறை. யார் வகுத்த முறை, யாருக்காக வகுத்த முறை என்று கேட்பதற்கு அங்கே இன்னொரு முறை இருக்கவில்லை.

பிறகு சின்னம்மா எழுந்தாள்.

சின்னம்மா மேல் லயத்தின் கடைசிக் காம்பராவில், அந்தக் கடைசி ஒற்றை அறையில், குடியிருப்பவள். ஐம்பதைத் தொடாத வயது. விடிய முன்னே எழுந்து மரத்துக்கு மரம் ஓடும் கால்கள். பால்வெட்டுக் கத்தியை விடக் கூரான வாய். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளைகூட அவளிடம் வாய் கொடுக்கத் தயங்குவார். அவள் மைக்கின் கழுத்தைப் பிடித்துத் தன் பக்கம் வளைத்தாள்.

"நோனா, நான் சின்னம்மா. அபே லயம பிட்டிபஸ்ஸ பொலவ பெலிலா." லயத்துக்குப் பின்னால் நிலம் பிளந்துவிட்டது என்பதை அவளுக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லிவிட்டு, உடனே தமிழுக்குத் தாவினாள். "என் சிங்களத்துக்கு அவ்வளவுதாங்க நீளம். மிச்சத்த இந்தப் புள்ள சொல்லும். நாங்க கக்கூசுக்குப் போகணும்னாலும் அந்த வெடிப்பத் தாண்டித்தான் போகணும். பாவாடையத் தூக்கிக்கிட்டு ஆடு தாண்டுற மாதிரி தாண்டுறோம். போன மழைக்கு ஒருத்தி தாண்டுறப்பவே காரியம் முடிஞ்சிபோச்சு. யாருன்னு சொல்ல மாட்டேன். இங்கதான் உக்காந்திருக்கா."

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. சின்னம்மா சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து, தாண்டுவது எப்படி என்று நடித்தும் காட்டினாள். திரையில், நோனாவுக்குப் பக்கத்தில் இருந்த இளம் அதிகாரி ஒருவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அடுத்தவன் பக்கம் சாய்ந்தான்.

அந்தச் சிரிப்பு ஷாமிளாவின் முகத்தில் வந்து அறைந்தது. இதையும் நான் சிங்களத்தில் சொல்ல வேண்டுமா? பாவாடையையும் கக்கூசையும் இந்த வாயால் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமா? இவர்கள் எல்லோருமே இப்படித்தான் என்று நினைத்துவிட மாட்டார்களா? இவர்களுள் ஒருத்திதானே நானும் என்று எண்ணிவிட மாட்டார்களா? கேள்விகள் ஒன்றையொன்று முந்தின. அவளுடைய விரல் கேள்விகளுக்குக் காத்திருக்கவில்லை. சிவப்புப் பொட்டின் மேல் போய் இறங்கியது.

கொஞ்ச நேரந்தான், என்று அவள் தனக்குத் தானே சமாதானம் சொன்னாள். இந்தக் கக்கூசுக் கதை முடியட்டும், திறந்துவிடலாம். ஆனால் சின்னம்மா கக்கூசை விட்டு அப்போதே வெளியே வந்துவிட்டாள். அவள் குரல் தாழ்ந்தது. வெடிப்புக்குள் இப்போது முழங்கை வரை போகிறது என்றாள். பாறையடி ஊற்றுத் தண்ணீர், தன் மாமியார் காலத்திலிருந்து கண்ணாடி போல வந்த தண்ணீர், மழை இல்லாத நாளிலும் சேறாக வருகிறது என்றாள். கடைசிக் காம்பராவின் கதவு சட்டத்தோடு கோணிப்போய்ச் சாத்த முடியவில்லை, இரவில் சுவருக்குள் கறகறவென்று சத்தம் கேட்கிறது, எழுந்ததும் ஓட வசதியாகப் பிள்ளைகளைக் கால்களை வாசல் பக்கம் நீட்டித் தூங்கச் சொல்லியிருக்கிறோம் என்றாள். மண்டபம் மூச்சடங்கிக் கேட்டது. கொழும்பு கேட்கவில்லை. உள்ளே ஒலிபெருக்கி முழங்கியது. வெளியே ஒரு சொல்லும் போகவில்லை. அதை அறிந்த உயிர் அந்த மலையில் ஒன்றே ஒன்றுதான்.

விரல் பட்டனின் மேலேயே கிடந்தது. இப்போது திறந்தால், நடுவில் எங்கே போனது என்று கேட்பார்களே என்ற பயம் இப்போது வெட்கத்தோடு சேர்ந்துகொண்டது. அவள் ஒருவழியாகத் திறந்தபோது சின்னம்மா இரு கைகளையும் கூப்பி, "அவ்வளவுதாங்க, கும்பிடுறேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நோனா முன்னே குனிந்து, கொஞ்ச நேரமாகக் குரல் வரவில்லையே, அந்த அம்மா என்ன சொன்னார் என்று சிங்களத்தில் கேட்டார்.

ஷாமிளா வாயைத் திறந்தாள். அதற்குள் மூக்கையா எழுந்து மைக்கைப் பிடித்தார். அவருக்கும் அந்தச் சிரிப்பு கூசியிருந்தது. கீழ் லயத்துக் காரியம் கெட்டுவிடுமோ என்ற கவலையும் இருந்தது. "அந்த வெடிப்பு கக்கூசுக்குப் போற பாதையிலதான், பாதை சரியில்லன்னு சொன்னாங்க, நோனா. அத நாங்க தோட்டத்துக்குள்ளேயே பாத்துக்குவோம்," என்று சிங்களத்தில் சொல்லி, நான்காம் தடவையாக நன்றியும் சொன்னார்.

நோனா தலையசைத்தார். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. ஷாமிளாவின் திறந்த வாய் மூடிக்கொண்டது. பட்டனை அழுத்தியதை அவள் பின்னாளில் பலவாறாக நியாயப்படுத்திப் பார்த்தாள். இந்த வாய் மூடியதற்கு மட்டும் எந்த நியாயமும் அவளுக்குக் கிடைத்ததில்லை.

"சிக்னல் போயிருச்சு," என்று கலையும்போது யாரோ சொன்னார்கள். "இந்த மலைக்கு எந்த சிக்னல் ஒழுங்கா வந்திருக்கு?" என்று வேறு யாரோ சொன்னார்கள். அந்தப் பேச்சு அப்படியே நிலைத்தது.

முதற்கட்டத் தீர்மானம் சில வாரங்களில் வந்தது. கீழ் லயத்துக்கு வீடு. மேல் லயத்திலிருந்து ஆபத்து எதுவும் தெரிவிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டு பரிசீலிக்கப்படும். இறுதி முடிவுக்கு முன் ஒரே ஒரு கூட்டம் மிச்சம்.

ஷாமிளா அதைப் படித்துச் சொன்னபோது மேல் லயத்து மக்கள் அவளைக் குறைசொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் அவளுக்குச் சோறு இறங்கியிருக்கும். பால் நிறுக்கும் இடத்தில் வாளியை இறக்கிவைத்த சின்னம்மா அவளைப் பார்த்துச் சிரிக்கவே செய்தாள்.

"நீ ஏன் மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்கிற, டீச்சரம்மா? உன் மெசின் நல்ல மெசின்தான். காது கேக்கலன்னு சொல்லிட்டா கேக்க வேண்டியதில்ல பாத்தியா, அது அவுங்க வழி. என் மாமியாருக்கும் அப்பிடித்தான். பொடவ வேணும்னா கேக்காது, சோத்துக்குக் கூப்புட்டாக் கேக்கும்."

"இல்ல அத்தை, அன்னைக்குச் சத்தம் சரியாப் போகல."

"அதத்தான் நானும் சொல்றேன். நம்ம சத்தம் என்னைக்கிச் சரியாப் போச்சு?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஷாமிளாவும் சிரித்துவைத்தாள். சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லக்கூடிய பொழுது அது. சுற்றி இருந்தவர்களோ சொந்த மக்கள். ஆயினும் அவள் பாதி உண்மையைச் சொல்லி முழுப் பொய்யாக்கிவிட்டு வீடு திரும்பினாள்.

அவளை வாட்டியது தண்டனைப் பயமா? இல்லை. வாசிகசாலைச் சாவியைப் பறித்தால் பறிக்கட்டும் என்னும் அளவுக்கு அவள் வந்துவிட்டாள். 'ஏன் அடைத்தாய்' என்று கேட்பார்களே, அந்த ஒரு கேள்விதான் அவளைக் கொன்றது. எவனோ மிரட்டினான் என்றால் அதற்கு ஒரு பதில் உண்டு. கைக்கூலி வாங்கியிருந்தால் அதையாவது திருப்பிக் கொடுத்துவிடலாம். வெட்கத்தை யாரிடம் போய்த் திருப்பிக் கொடுப்பது? என்னைப் பெற்ற லயத்தின் பேச்சு எனக்குக் கூசியது என்று எந்த முகத்தோடு சொல்வது? வெள்ளைத் துரை இந்த மக்களின் வாயை அடைத்தான். அவனுக்குப் பின் வந்த துரைகளும் அடைத்தார்கள். அவர்களெல்லாம் அந்நியர்கள். தன் விரலோ, பால்வெட்டுக்காரி ஒருத்தி ஊட்டி வளர்த்த விரல்.

ஒரு பிற்பகல் அவள் வாசிகசாலைக் கதவைச் சாத்திக்கொண்டு கணினியின் முன் அமர்ந்தாள். அந்தச் செயலிக்குள் போய் எஃப் எட்டுக்குக் கொடுத்த வேலையை அழித்தாள். நகப்பூச்சுப் பொட்டை எண்ணெய் தொட்டுச் சுரண்டினாள். பிறகு ஒலிபெருக்கியைப் போட்டு, தன் கைபேசியையே கொழும்பாக இணைத்துச் சோதித்தாள். பழைய ஊளை கிளம்பியது. கூரையில் இருந்த புறாக்கள் பறந்தன. அவள் கையை வேறு எங்கும் கொண்டுபோக வழியில்லாமல் மறுபடியும் அதே பட்டனுக்கு அதே வேலையைக் கொடுத்தாள். கூட்டம் நடக்க வேண்டுமானால் அது வேண்டும். கருவியின் மீது ஒரு கடுகளவு பழியைக்கூட இறக்கிவைக்க முடியவில்லை.

வாடகை ஒலிபெருக்கியை அடுத்த கூட்டம் வரை வைத்துக்கொள்ளக் கேட்டு அழைத்தபோது ஷிஹாப் கேட்டார்: "பட்டன் எல்லாம் செரியா வேல செய்யிதா, தங்கச்சி?"

"செய்யுது, நானா."

"அப்ப சந்தோசம்," என்றார் அவர். வேறொன்றும் கேட்கவில்லை. அவள் கைபேசியை வைத்துவிட்டு நெடுநேரம் அந்தச் சொல்லையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

கொழும்பு அலுவலகத்துக்கும் அழைத்துப் பார்த்தாள். மேல் லயத்தில் நிலம் வெடித்திருக்கிறது என்று சிங்களத்தில் திருத்தமாகச் சொன்னாள். அங்கே பேசியவர் மரியாதையாகவே பதில் சொன்னார்: மேல் லயத்தில் வசிப்பவர்களே கூட்டத்தில் சொல்ல வேண்டும், மிஸ், நீங்கள் சொன்னதாக நாங்கள் எழுத முடியாது. இப்படியாக, அவள் அடைத்த அதே வாய்தான் அவளுக்கு இப்போது தேவைப்பட்டது.

ஆனால் அந்த வாய் இனி பேசுவதாக இல்லை. கூட்டத்துக்கு முன்தினம் அவள் மேல் லயத்துக்கு ஏறிப் போனாள். சின்னம்மா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள்.

"நாளைக்கு நீங்க பேசணும், அத்தை."

"வேற ஆளப் பாரு, ஆத்தா."

"மேல் லயத்துல வேற யாரும் பேச மாட்டேங்கிறாங்க."

"எப்பிடிப் பேசுவாளுக? நான் பேசுனதப் பாத்தாளுக. என்ன கெடைச்சிச்சி? சின்னம்மாவே பேசி நடக்கல, நாம பேசியா நடக்கப்போவுதுன்னு கேக்குறாளுக. சரியான கேள்விதானே?" கோடாலி கட்டையில் இறங்கியது. "கூட்டத்துக்கு வர்றேன். வந்து உக்காந்துக்கிறேன். வாயத் தொறக்கச் சொல்லாத."

ஷாமிளா நின்றாள். நான்தான் என்ற சொல் நாக்கின் நுனி வரை வந்தது. சின்னம்மா ஒரு கட்டையைத் தள்ளிவைத்து, "உக்காரு, தேத்தண்ணி ஊத்துறேன்," என்றாள். அந்த உபசாரம் அவளை விரட்டியடித்தது. வேலை இருக்கிறது என்று முனகிவிட்டு இறங்கிவிட்டாள். இறங்கும் வழியில் அவளுக்குத் தெளிவாக விளங்கியது: தான் அடைத்தது ஒரு மைக்கை மட்டுமா? பேசினால் யாரேனும் கேட்பார்கள் என்ற நம்பிக்கையை அடைத்துவிட்டாள், ஒரு லயம் முழுவதிலும். அதைத் திறக்கும் பட்டன் எந்த வரிசையிலும் இல்லை.

மறுநாள் வானம் கறுத்துக் கிடந்தது. மண்டபத்தில் கீழ் லயத்தார் முன் வரிசையில். மேல் லயத்தார் பின்சுவரோடு. திரையில் அதே நோனா, அதே இளம் அதிகாரி. மூக்கையா நன்றி சொன்னார். ஷாமிளா கொழும்பு பேசும்போது மைக்கை அடைத்தாள், இங்கே பேசும்போது திறந்தாள்; ஊளை இல்லை, தடங்கல் இல்லை. வேலை கச்சிதமாக நடந்தது. அந்தக் கச்சிதமே அவளைக் குத்தியது.

கடைசியில் நோனா கேட்டார்: மேல் லயத்திலிருந்து எவராவது ஏதாவது சொல்ல விரும்புகிறார்களா?

ஒருவரும் அசையவில்லை. சின்னம்மா வெற்றிலையை மென்றுகொண்டு கூரையைப் பார்த்தாள்.

"ஒருத்தரும் இல்ல போல, நோனா," என்று மூக்கையா எழுந்தார். "அப்ப இத்தோட..."

"இருங்க, தலைவரே."

சொன்னது தன் குரல்தான் என்பதை ஷாமிளா கொஞ்சம் தாமதித்தே உணர்ந்தாள். அவள் மேசையைச் சுற்றி வந்து மைக்கின் முன் நின்றாள். கொழும்புக்குச் சிங்களத்தில் சொன்னாள்: போன கூட்டத்தில் மேல் லயத்து அம்மாவின் பேச்சு உங்களுக்குக் கேட்காமல் போனதற்கு இணைப்பு காரணமில்லை, இந்தக் கணினியை இயக்கும் நான், தெரிந்தே, இங்கிருந்து மைக்கை அடைத்தேன், அவர் சொன்னது கக்கூசைப் பற்றி மட்டுமில்லை. பிறகு மண்டபத்தின் பக்கம் திரும்பினாள். சிங்களம் விளங்கியவர்களின் முகங்கள் அதற்குள் மாறியிருந்தன.

"சிக்னல் போகல. நான்தான் அடைச்சேன்."

"பாப்பா, இப்ப எதுக்கு இந்தப் பேச்சு?" மூக்கையா குரலைத் தாழ்த்தினார். "நோனா பாத்துக்கிட்டு இருக்காங்க. நம்ம பிரச்சினைய நாம பொறவு பேசிக்குவோம்."

"பொறவு பேச ஒண்ணுமில்ல, தலைவரே. அன்னைக்கி நீங்க நோனாகிட்டச் சொன்னது அத்தை சொன்னதில்ல. நானும் பக்கத்துல நின்னுக்கிட்டு வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன்."

தலைவரின் சொல் வெளியாட்களின் முன்னால் மறுக்கப்பட்டது. மண்டபம் அதை நம்ப முடியாமல் பார்த்தது. மூக்கையா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

சின்னம்மா பின்சுவரிலிருந்து முன்னே வந்தாள். அவளுக்கு இடம் விட்டு வரிசைகள் விலகின.

"எதுக்கு அடைச்ச?"

"நீங்க கக்கூசப் பத்திப் பேசுனீங்க. அங்க ஒரு ஆள் சிரிச்சாரு. எனக்கு வெக்கமாப் போச்சு."

"யாரப் பாத்து?"

"உங்களப் பாத்து."

சின்னம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சாபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். அது கணக்குப் பார்க்கும் பார்வையாக இருந்தது. "மத்ததையும் கேட்டியில்ல? தண்ணி சேறா வர்றது. சுவரு கறகறங்கிறது. அதையும் நீ கேட்டுக்கிட்டுத்தானே இருந்த?"

"கேட்டேன்."

"கேட்டும் தொறக்கல."

"தொறக்கல, அத்தை."

சின்னம்மா மேசையைப் பார்த்தாள். "எந்தப் பட்டன்?"

ஷாமிளா காட்டி, கொழும்பு பேசும்போது அடைக்க ஒரு தட்டு, நாம் பேசும்போது திறக்க ஒரு தட்டு என்றாள்.

"அந்தக் கட்டையத் தூக்கி என் மடியில வையி."

கீபோர்டின் வயர் நீண்டது. சின்னம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, கீபோர்டை மடியில் வாங்கிக்கொண்டாள். பால் படிந்து கறுத்த கட்டைவிரலை எஃப் எட்டுக்குப் பக்கத்தில் காவலுக்கு நிறுத்தினாள். "இது மேல இனி உன் கை வரக் கூடாது. நான் சொல்லச் சொல்ல, நீ சிங்களத்துல சொல்லு. ஒண்ணையும் முழுங்காத. கக்கூசுல இருந்தே ஆரம்பிக்கிறேன்."

அவள் கக்கூசிலிருந்தே ஆரம்பித்தாள். பாவாடையைத் தூக்கியதையும் ஆடு தாண்டியதையும் விட்டுவைக்கவில்லை. ஷாமிளா ஒவ்வொரு சொல்லையும் சிங்களத்தில் எடுத்துச் சொன்னாள். முகம் எரிந்தது, ஆனால் ஒன்றையும் மெருகிடவில்லை, ஒன்றையும் மறைக்கவில்லை. இந்தத் தடவை எவரும் சிரிக்கவில்லை. வெடிப்பு, ஊற்றுச் சேறு, கோணிய கதவு, சுவருக்குள் கேட்கும் சத்தம் என்று சின்னம்மா ஒவ்வொன்றாக அடுக்க, திரையில் நோனா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். ஊற்றுத் தண்ணீர் எப்போதிருந்து கலங்கி வருகிறது என்று கேட்டார். சின்னம்மா சொன்னாள். இளம் அதிகாரி எழுந்து யாருக்கோ தொலைபேசியில் பேசப் போனான்.

கொஞ்ச நேரத்தில் முடிவு சொல்லப்பட்டது. தண்ணீர் கலங்குவதும் சுவர் சத்தமிடுவதும் மலை நகர்வதன் அடையாளம். நிலத்தைச் சோதிக்க ஆட்கள் நாளைக்கே வருவார்கள். அதுவரை மேல் லயத்தில் ஒருவரும் படுக்கக் கூடாது, இன்றைக்கே பாடசாலைக்கு இறங்கிவிட வேண்டும். வீடு யாருக்கு முதலில் என்பதை மறுபடியும் பார்ப்போம். நோனா கடைசியாக ஒன்று சொன்னார்: இது முன்பே எங்களுக்குக் கேட்டிருந்தால் இத்தனை வாரங்களை இழந்திருக்க மாட்டோம். அதையும் தமிழில் சொல்ல வேண்டிய கடமை ஷாமிளாவுக்கே விழுந்தது. அவள் சொன்னாள்.

பெண்கள் அவசரமாக எழுந்தார்கள். மூக்கையா யாரையும் பார்க்காமல், கீழ் லயத்து இளைஞர்களைச் சாமான் தூக்க மேலே போகச் சொன்னார். சின்னம்மா கீபோர்டை மேசையில் வைத்தாள்.

"நான் வந்து உங்க சாமானத் தூக்குறேன், அத்தை."

"வா. தூக்கு. தூக்குனா தீந்துபோச்சுன்னு நெனைக்காத." அவள் முந்தானையை இறுக்கிச் செருகினாள். "இன்னைக்கிச் சொல்லிட்ட. நல்லது. நடுவுல ஒரு ராத்திரி அந்த மண்ணு எறங்கியிருந்தா, நீ யாருகிட்ட வந்து சொல்லியிருப்ப?"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. மழையின் முதல் துளிகள் ரப்பர் இலைகளில் விழத் தொடங்கியிருந்தன. முன்னே பெண்கள் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஷாமிளா கதவைப் பூட்டாமலே போட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னால் ஓடினாள். சின்னம்மாவை எட்டிப் பிடித்தும், பக்கத்தில் நடக்கத் துணிவின்றி, ஓரடி பின்னாலேயே ஏறினாள்.